விரலா, சிறு குழாயா, கொலோனோஸ்கோப்பியா? மலத்தோடு ரத்தம் போனால் எதற்குச் சம்மதிப்பது

"வெளிக்குப் போகும்போது ரத்தம் வருது. ஒரு டாக்டர் கேட்டுட்டு மூலம்னு மாத்திரை கொடுத்தார். இன்னொருத்தர் ப்ராக்டோஸ்கோப்பி பார்க்கணும்கிறார். மூணாவது இடத்துல நேரா கொலோனோஸ்கோப்பிக்குத் தேதியே கொடுத்துட்டாங்க. எதைச் செய்யறது?"

இதே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. கேட்பவர்களில் பாதிப் பேர் "என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சரி, அந்த நண்பருக்காகவே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அந்தக் கட்டிலில் ஒரு முறை நானே படுத்திருக்கிறேன். சித்தப்பாவுக்குத் துணையாக நாலைந்து முறை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது கேட்டதும் படித்ததும் இது.

## எதை வைத்து ஒப்பிடுவது

எல்லாரும் முதலில் கேட்பது "வலிக்குமா?" அடுத்தது "எவ்வளவு ஆகும்?" இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனாலும் அவற்றுக்கு முன்னால் ஒன்று இருக்கிறது: இந்தப் பரிசோதனை எவ்வளவு தூரம் பார்க்கும்?

ஆசனவாய்க் கால்வாய் ஏறத்தாழ 4 செ.மீ. அதற்கு மேலே மலக்குடல், 12 முதல் 15 செ.மீ. அதையும் தாண்டினால் பெருங்குடல், சுமார் ஒன்றரை மீட்டர். டாக்டரின் விரல் 7, 8 செ.மீ. வரை எட்டும். ப்ராக்டோஸ்கோப் என்ற சிறு குழாயும் ஏறக்குறைய அவ்வளவுதான். முனையில் கேமரா உள்ள வளையும் குழாயான சிக்மாய்டோஸ்கோப் 60 செ.மீ. போகும். அதே வகையில் இன்னும் நீளமான கொலோனோஸ்கோப் சிறுகுடல் வந்து சேரும் மூலை வரைக்கும் போகும். ரத்தம் எந்த மாடியிலிருந்து ஒழுகுகிறது என்று தெரியாமல் தரைத்தளத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டைப் பூட்டக் கூடாது. மொத்த விஷயமும் இதில் அடங்கிவிடும்.

இரண்டாவது அளவுகோல், தொட்டு அறிவதா, கண்ணால் பார்ப்பதா, சோதனைக்குச் சதையைக் கிள்ளி எடுக்க முடியுமா என்பது. மூன்றாவது, முன்தயாரிப்பு. அப்புறம்தான் வலியும் கூச்சமும். கடைசியாகச் செலவு. அதில் பில்லில் வராத செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வலியைப் பற்றி ஒன்று தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும். ஆசனவாய்க்கு இரண்டு செ.மீ. உள்ளே பல் பல்லாக ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே நம் வெளித்தோல் மாதிரியே சுரீரென்ற வலி தெரியும். கோட்டுக்கு மேலே அழுத்தமும் முட்டலும் மட்டும்தான் தெரியும், குத்தினால்கூட வலி தெரியாது. உள்மூலம் வலியில்லாமல் ரத்தம் சிந்துவதும், ஆசனவாய்த் தோலில் விழும் சின்ன வெடிப்பு உயிரை எடுப்பதும் இதனால்தான்.

## விரல் பரிசோதனை

கையுறை, ஜெல்லி, ஒரு விரல், ஒரு நிமிடம். முன்தயாரிப்பு கிடையாது. கன்சல்டிங் ஃபீஸிலேயே அடங்கிவிடும், அரசு மருத்துவமனையில் அதுவும் இல்லை.

விரலுக்கு என்ன தெரியும்? கட்டி, கடினம், புண்ணின் ஓரம், சீழ்க்கட்டியின் வலி, சுருக்குத் தசையின் இறுக்கம், ஆண்களுக்குப் ப்ராஸ்டேட்டின் அளவு. விரலை வெளியே எடுத்தபின் கையுறையில் ஒட்டியிருப்பது சிவப்பா, கறுப்பா, சளியா என்பதும் ஒரு தகவல். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் வரும் புற்றுநோய் பல நேரம் விரலுக்கே எட்டும் தூரத்தில் இருக்கும். ஒரு நிமிடக் கூச்சத்துக்குப் பயந்து இதைத் தள்ளிப்போடுவதுதான் எனக்குத் தெரிந்து மிக விலை உயர்ந்த சிக்கனம்.

விரலுக்குத் தெரியாதது என்ன? உள்மூலம்! இதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை. சாதாரண உள்மூலம் பஞ்சு மாதிரி. விரல் பட்டால் அமுங்கிவிடும். உள்ளே ரத்தம் உறைந்தோ தடித்தோ இருந்தால்தான் கைக்குத் தட்டுப்படும். "விரல் வைத்துப் பார்த்தார், மூலம் இல்லை என்றார்" என்றால் அது முழுப் பதில் ஆகாது. தொடாமலே, கேட்டுவிட்டு மட்டும் "மூலம்தான்" என்று சொன்னால் அது பதிலே கிடையாது.

ஒரே ஒரு விலக்கு. மலம் போகும்போது கண்ணாடித்துண்டு கிழிப்பது போல வலி, போன பிறகும் ஒரு மணி நேரம் எரிச்சல் என்றால் அது பெரும்பாலும் வெடிப்பு. அந்த நிலையில் நல்ல டாக்டர் விரலை உள்ளே விட மாட்டார். பிட்டத்தை மெல்ல விலக்கிப் பார்த்தாலே பின்பக்க நடுக்கோட்டில் கீறல் தெரிந்துவிடும். களிம்பும் மலமிளக்கியும் கொடுத்து, வலி தணிந்த பிறகு வரச் சொல்வார்.

என் கதை இதுதான். முதலில் போன இடத்தில் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே மூலத்துக்கு மாத்திரை. ஒன்றரை மாதம் சாப்பிட்டேன், கூடவே வீட்டில் துத்திக்கீரையும் கருணைக்கிழங்கும். இரண்டாவது டாக்டர் கட்டிலில் படுக்கச் சொல்லி அரை நிமிடம் பார்த்தார். வெடிப்பு. மருந்தே வேறு.

## ப்ராக்டோஸ்கோப்பி

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இணையத்தில் தேடினால் அனோஸ்கோப்பி, ப்ராக்டோஸ்கோப்பி, ரிஜிட் சிக்மாய்டோஸ்கோப்பி என்று மூன்று பெயர் வந்து மிரட்டும். நம் ஊர் ஓபி சீட்டில் ப்ராக்டோஸ்கோப்பி என்று எழுதியிருந்தால் அது அநேகமாக 7 முதல் 10 செ.மீ. நீளமுள்ள சிறு குழாய். படங்களில் வரும் 25 செ.மீ. குழாய் வேறு வகை.

கருவி எவர்சில்வர் புனல் போல இருக்கும், கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமன். உள்ளே மழுங்கிய முனையோடு ஒரு தண்டு செருகியிருக்கும், நுழையும்போது குத்தாமல் இருக்க. ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் குழாயும் உண்டு. உலோகக் குழாய் என்றால் "ஸ்டெரிலைஸ் பண்ணதுதானே?" என்று கேட்பதில் தப்பில்லை.

நடப்பது இப்படி. இடதுபக்கம் ஒருக்களித்து, முழங்கால் இரண்டையும் மார்புப் பக்கம் மடக்கி, பின்பக்கம் கட்டில் விளிம்புக்கு வருமாறு படுக்கச் சொல்வார்கள். வேட்டி, லுங்கி, புடவை, நைட்டி ஏதாவது உடுத்திப் போனால் முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை, விலக்கினால் போதும். ஜீன்ஸ் போட்டுப் போய் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலில் வெளியே பார்ப்பார்கள். ஒருமுறை முக்கச் சொல்வார்கள். அடுத்து விரல். அது முடிந்ததும் ஜெல்லி தடவிய குழாய். நுழையும் நொடியில் வாயைத் திறந்து மூச்சை விட்டால் தசை தானாகத் தளரும். பல்லைக் கடித்தால் எல்லாம் இறுகும்.

உள்ளே போனதும் உடம்பு ஒரே ஒரு சேதிதான் சொல்லும்: "இப்பவே போகணும், இங்கேயே வந்துடும்!" வராது. குழாய் மலக்குடலை விரிப்பதால் எழும் பொய்யான முட்டல் அது. தண்டை உருவிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபடியே குழாயை மெல்ல வெளியே இழுப்பார்கள். நுழைக்கும்போது எதுவும் பார்ப்பதில்லை, இழுக்கும்போதுதான் சுவர் முழுக்கத் தெரியும். இழுக்கும்போது இன்னொரு முறை முக்கச் சொல்வார்கள், மூலம் இருந்தால் குழாயின் வாய்க்குள் பிதுங்கி எட்டிப்பார்க்கும். டாக்டர் நர்ஸிடம் "செவன் ஓ கிளாக், லெவன் ஓ கிளாக்" என்று சொல்வது மணியை இல்லை, கடிகார முள் கணக்கில் மூலம் இருக்கும் இடத்தை. மொத்தமும் இரண்டு மூன்று நிமிடம். இடையில் காற்றுப் பிரிந்தால் அங்கே யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

முடிந்ததும் துடைக்கப் பஞ்சு கொடுப்பார்கள். அதில் ஒரு பொட்டு ரத்தம் இருக்கலாம். எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போகலாம்.

முன்தயாரிப்பு என்று பெரிதாக இல்லை. காலையில் மலம் கழித்திருந்தால் நல்லது. சில இடங்களில் அரை மணி முன்னால் சின்ன எனிமா கொடுப்பார்கள். பட்டினி தேவையில்லை. பெண்கள் மாதவிடாய் நாட்களிலும் பார்த்துக்கொள்ளலாம், சொல்லிவிட்டால் போதும். பார்ப்பவர் ஆண் டாக்டர் என்றால் அறையில் ஒரு பெண் நர்ஸோ உடன் வந்தவரோ இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கேட்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது, ஆனால் கூட்டமான ஓபியில் மறந்துவிடுகிறார்கள்.

இதன் பெரிய பலம், பார்த்த இடத்திலேயே வைத்தியமும் முடியும் என்பது. ஆரம்பநிலை மூலத்துக்கு அதே குழாய் வழியாக ரப்பர் வளையம் மாட்டிவிடலாம். வலி தெரியாத அந்தக் கோட்டுக்கு மேலே மாட்டுவதால் மயக்க மருந்து வேண்டாம். மறைந்திருக்கும் செலவும் இங்கேதான். பார்ப்பதற்காகப் போனவர் வளையத்தோடும் அதற்கான பில்லோடும் திரும்பலாம். "இன்னைக்குப் பார்க்க மட்டும்" என்று படுக்கும் முன்பே சொல்லிவிடலாம். வளையம் மாட்டினால் ஒன்றிரண்டு நாள் கனமாக இருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் அது உதிரும்போது கொஞ்சம் ரத்தம் வரும், இதையும் யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இன்னொரு மறைசெலவு பணம் சார்ந்தது இல்லை. குழாயில் மூலம் தெரிந்துவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிடுகிறது. தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. சித்தப்பாவுக்கு அதுதான் நடக்க இருந்தது, கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

## சிக்மாய்டோஸ்கோப்பி

இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளை. வளையும் குழாய், முனையில் கேமரா. மலக்குடல் முழுவதும், பெருங்குடலின் இடப்பக்கமும் தெரியும். ஒன்றிரண்டு எனிமா போதும், மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது, பத்து இருபது நிமிடம். காற்றடிப்பதால் வயிறு உப்பிப் பிசையும். சதை எடுக்கலாம், குடல் சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சியான பாலிப் சிறிதாக இருந்தால் அதையும் எடுக்கலாம்.

குறை வெளிப்படை. வலப்பக்கக் குடல் தெரியாது. பார்த்த பகுதியில் சந்தேகமாக ஏதாவது பட்டால் முழுத் தயாரிப்போடு மறுபடி கொலோனோஸ்கோப்பிக்கு வர வேண்டியிருக்கும், இரட்டைச் செலவு. ஆனால் ஏற்கெனவே குடல் அழற்சி நோய் உள்ளவரின் நிலையைப் பார்க்கவும், கொலோனோஸ்கோப்பிக்கான இரண்டு லிட்டர் பேதி மருந்தைத் தாங்க முடியாத முதியவர்களுக்கும், சிறு குழாயில் ஒன்றும் தெரியாத இளவயதினருக்கும் இது நல்ல வழி.

## கொலோனோஸ்கோப்பி

பரிசோதனை அரை மணி. தயாரிப்பு இரண்டு மூன்று நாள். அதனால் தயாரிப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இரண்டு மூன்று நாள் முன்பே கீரை, கொய்யா, தக்காளி விதை, முழுத் தானியம் எல்லாம் நிறுத்தம். வெள்ளைச் சாதம், இட்லி, இடியாப்பம் போதும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் அப்பிக்கொள்ளும். முந்தைய நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: இளநீர், வடிகட்டிய சூப், பால் இல்லாத டீ. மாதுளை, பீட்ரூட் சாறு வேண்டாம், உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும். அப்புறம் அந்த மருந்து. இரண்டு லிட்டர் அல்லது அதற்கு மேல், உப்புக் கரிக்கும். பாதியை முந்தைய மாலையும் மீதியை அன்று காலையும் குடிக்கச் சொல்வதே இப்போது வழக்கம், குடல் நன்றாகச் சுத்தமாகும். கடைசியில் போவது சிறுநீர் நிறத்தில் தெளிவாக இருந்தால் தயார்.

பில்லில் வராத செலவு இங்கே நிறைய. சித்தப்பா இருந்தது மூன்று குடித்தனத்துக்கு ஒரே கழிப்பறை உள்ள காம்பவுண்ட் வீடு. அந்த இரவு அவரை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டியதாயிற்று. முழங்கால் வலிக்காரருக்கு வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீட்டில் பதினைந்து முறை உட்கார்ந்து எழுவது சாமானியமா? மயக்கம் கொடுப்பதால் துணைக்கு ஒருவர் கட்டாயம், அவருக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்தும் வேண்டாம். பில்லிலும் மயக்க மருந்து டாக்டரின் ஃபீஸ், சதை எடுத்தால் பயாப்ஸி, லேப் என்று தனித்தனியாக ஏறும். மொத்தம் எவ்வளவு என்று முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் இதற்குச் செல்லுமா என்பதையும் அப்போதே விசாரித்துவிடலாம்.

சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, சிறுநீரகக் கோளாறு, இவற்றில் எது இருந்தாலும் தேதி வாங்கும்போதே சொல்ல வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்துவதும் ஆபத்து, சொல்லாமல் சாப்பிடுவதும் ஆபத்து.

குடலில் ஓட்டை விழும் அபாயம் உண்டு. வெறுமனே பார்க்கும்போது அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பாலிப் எடுத்தால் கொஞ்சம் கூடும், இரண்டு வாரம் வரை ரத்தம் வரவும் வாய்ப்புண்டு. வீட்டுக்கு வந்தபின் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், கட்டிகட்டியாக ரத்தம் என்றால் உடனே திரும்பிப் போக வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கும் பலன் என்ன? சித்தப்பா கதைக்கு வருகிறேன். 61 வயது. ப்ராக்டோஸ்கோப்பியில் மூலம் தெளிவாகத் தெரிந்தது, வளையம் மாட்டினார்கள், ரத்தம் நின்றது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அந்த சர்ஜன் மட்டும் ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஹீமோகுளோபின் 8. "இந்த மூலத்துக்கு இந்த ரத்தச்சோகை பொருந்தலையே" என்றார். கொலோனோஸ்கோப்பியில் வலப்பக்கக் குடலின் ஆரம்பத்தில் கட்டி இருந்தது. விரலும் சிறு குழாயும் 60 செ.மீ. குழாயும் எட்டாத இடம். மூலமும் நிஜம், கட்டியும் நிஜம். ஆபரேஷன் முடிந்து இப்போது நன்றாக இருக்கிறார். ஆபரேஷனைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார், அந்தப் பேதி மருந்தின் ருசியைப் பற்றி மட்டும் இன்னும் திட்டுகிறார்.

## மலப் பரிசோதனையும் ஸ்கேனும்

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் காட்டும் ஃபிட் பரிசோதனை, அறிகுறி எதுவும் இல்லாதவர்களைச் சலித்தெடுக்கப் பயன்படுவது. அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே இத்தகைய சோதனைகளைத் தொடங்கப் பரிந்துரைக்கிறார்கள். ஃபிட் என்றால் ஆண்டுக்கொரு முறை, கொலோனோஸ்கோப்பி சரியாக இருந்தால் 10 ஆண்டுக்கொரு முறை. நம் நாட்டு அரசுத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குத்தான் இப்படித் தேடுகிறார்கள், குடலுக்கு நாமாகத்தான் கேட்க வேண்டும். கண்ணாலேயே ரத்தம் பார்த்தவர் தானாக ஒரு ஃபிட் செய்து, நெகட்டிவ் என்று நிம்மதியடைய வேண்டாம். பாசிட்டிவ் என்றாலும் அடுத்து கொலோனோஸ்கோப்பிதான்.

"ஒரு ஸ்கேன் எடுத்துட்டா போதாதா?" போதாது. சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்டில் மூலமோ சிறு பாலிப்போ தெரியாது. எம்ஆர்ஐ பவுத்திரத்தின் பாதையைக் காணவும், புற்றுநோய் உறுதியான பிறகு அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அறியவும் உதவும், முதல் தேடலுக்கு அல்ல. சிடி ஸ்கேனில் குடலைப் பார்க்கும் சிடி கொலோனோகிராஃபிக்கும் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும், ஏதாவது தெரிந்தால் சதை எடுக்க முடியாது.

பேருந்து நிலையச் சுவர்களில் "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில்" என்று ஒட்டியிருக்கிறார்களே, அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. ஊசி போட்டும் சதையை அரிக்கும் கார மருந்து வைத்தும் ஆசனவாய் சுருங்கிப்போய் அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்களின் கதையை அங்குள்ள நர்ஸ்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | விரல் | ப்ராக்டோஸ்கோப்பி | சிக்மாய்டோஸ்கோப்பி | கொலோனோஸ்கோப்பி |
|---|---|---|---|---|
| எட்டும் தூரம் | 7–8 செ.மீ. | 7–10 செ.மீ. | 60 செ.மீ. வரை | பெருங்குடல் முழுவதும் |
| நேரம் | 1 நிமிடம் | 2–3 நிமிடம் | 10–20 நிமிடம் | அரை மணி, மயக்கம் தெளிய மேலும் சில மணி |
| தயாரிப்பு | இல்லை | இல்லை, அல்லது சிறு எனிமா | எனிமா | உணவுக் கட்டுப்பாடு, பேதி மருந்து |
| மயக்கம் | வேண்டாம் | வேண்டாம் | பெரும்பாலும் வேண்டாம் | பெரும்பாலும் உண்டு |
| உள்மூலம் | பொதுவாகத் தெரியாது | மிக நன்றாகத் தெரியும் | தெரியலாம் | தெரியலாம் |
| வேலைக்குப் போவது | உடனே | உடனே | அன்றே | மறுநாள் |

## அப்படியானால் உங்களுக்கு எது

முதல் இரண்டில் தேர்வு என்று ஒன்றும் இல்லை. ரத்தம் வந்தால் விரலும் சிறு குழாயும் எல்லாருக்கும், கடும் வெடிப்பு வலி உள்ளவர் மட்டும் சில வாரம் தள்ளலாம். கொலோனோஸ்கோப்பிக்கே நேராகப் போனாலும் விரல் பரிசோதனை உண்டு, குழாயை விடும் முன் அதைச் செய்துதான் தொடங்குவார்கள்.

முப்பது வயது, மலச்சிக்கல், போன பிறகு சொட்டுச் சொட்டாகப் பளிச்சென்ற சிவப்பு, குழாயில் மூலமோ வெடிப்போ தெரிந்தது, வேறு தொந்தரவு இல்லை. இவருக்கு அதோடு நிறுத்தி வைத்தியம் பார்க்கலாம். வைத்தியம் முடிந்தும் ரத்தம் நிற்காவிட்டால் அடுத்த படி.

வயது 45ஐத் தாண்டியவர், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தவர், ரத்தச்சோகை உள்ளவர், எடை குறைபவர், சில வாரங்களாக வயிற்றின் வழக்கமே மாறிப்போனவர், ரத்தம் கருஞ்சிவப்பாக மலத்தோடு கலந்து வருபவர், போய்வந்தும் இன்னும் மிச்சம் இருப்பது போல முட்டல் உள்ளவர்: இவர்களில் யாராக இருந்தாலும் குழாயில் மூலம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கொலோனோஸ்கோப்பி பற்றி டாக்டரிடம் பேசிவிட வேண்டும். இளவயதென்று விட்டுவிடவும் முடியாது. நம் நாட்டில் மலக்குடல் புற்றுநோய் நாற்பதுக்குக் கீழேயும் வருகிறது. பல மாதம் மூலம் என்று வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அந்த வார்டுகளில் இருக்கிறார்கள்.

தார் போலக் கறுப்பாகப் போனால் மேலே சொன்ன எதுவும் முதல் படி இல்லை. அது இரைப்பைப் பக்கத்து ரத்தமாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது என்றைக்கு ஆரம்பித்தது, என்ன நிறம், சொட்டியதா கலந்து வந்ததா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போங்கள். முந்தின நாள் இரவு பீட்ரூட் பொரியல் சாப்பிட்டீர்களா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நிறத்தைச் சொல்லத் தெரியவில்லை என்றால் மொபைலில் ஒரு படம் எடுத்துக் காட்டலாம், டாக்டர்கள் இதைவிட மோசமானதெல்லாம் பார்த்தவர்கள். குடும்ப வாட்ஸப் குரூப்புக்குத் தவறிப் போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.